பங்காளி விக்கல்

பாவாத்தாளின் இதயத்துக்கு விக்கல் வரும்போது தோசைக்கரண்டி அந்தரத்தில் நிற்கும். ஒரு கணம்தான். கல்லில் அரைவட்டம் போன மாவு மீதி அரைவட்டத்துக்காகக் காத்திருக்கும். அவள் கண்ணில் லேசாக இருட்டு தட்டி விலகும். பிறகு கரண்டி நகரும், வட்டம் முடியும், "எவனோ நெனைக்கறான்" என்று சொல்லிக்கொண்டே எண்ணெய் விடுவாள்.

"எவனும் நெனைக்கல, அம்மிணி. பம்பு செட்டு காத்து வாங்குது" என்பார் சென்னியப்பன், தட்டிலிருந்து தலை தூக்காமல்.

"நெனைக்க ஒரு ஆளில்லாத வயித்தெரிச்சல்ல பேசறீங்கண்ணா."

அவர் அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டுவார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

முதலில் அவள் சொன்னது. சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. பார்க்கிற உத்தியோகமோ வம்சாவளி பார்ப்பது. மனிதர்களுக்கு அல்ல, கம்ப்யூட்டர் நிரல்களுக்கு. பெண் பார்க்கப் போன வீட்டில் "நீங்க என்ன கூட்டமுங்க?" என்று கேட்டு, ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம், என்று தெரிந்தால் பங்காளி முறையாச்சே என்று காப்பியோடு எழுந்து வந்துவிடுகிற கொங்குநாட்டு வழக்கம்தான். எந்த வரி எந்த வீட்டிலிருந்து வந்தது, எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்த்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று சொல்வது அவர் வேலை. "ஊர்ல இருக்கற கோடெல்லாத்துக்கும் பொருத்தம் பாத்தாச்சு, நமக்குத்தான் அமையல" என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிச் சிரித்துவிடுவார். அடுத்தவன் சிரிப்பதற்கு முன்னால் நாம் சிரித்துவிட்டால் வலி பாதிதான் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

இனி அவர் சொன்னது. பாவாத்தாள் நெஞ்சில் ஓடியது சென்னியப்பன் வேலை பார்க்கிற பட்டத்தரசி பம்ப்ஸ் கம்பெனி செய்த இதயப் பம்பு, முதல் மாடல். கோயமுத்தூர் காலங்காலமாக மோட்டார் செய்கிற ஊர். கிணற்றுத் தண்ணியை மேட்டுக்கு ஏற்றத் தெரிந்தவனுக்கு ரத்தத்தைத் தலைக்கு ஏற்றத் தெரியாதா என்று ஒரு முதலாளி கேட்டபோது ஊரே சிரித்தது. பிறகு அதே ஊர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தது. முதல் மாடலைப் பொருத்திக்கொண்டவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர், பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரித் திட்டத்தில் வந்தவர்கள். பாவாத்தாளும் அப்படித்தான். தண்ணீர்ப்பந்தல் ரோட்டில் கம்பெனி வாசலுக்கு நேரெதிரே கடை போட்டதற்குக் காரணம் கேட்டால், "செஞ்ச எடத்துக்கு எதுத்தாப்ல இருந்தா ரிப்பேருக்குச் சௌகரியமுங்" என்பாள். வயிற்றிலிருந்து ஒரு ஒயர் வெளியே வந்து இடுப்பு வாரில் இருக்கும் பேட்டரியில் முடியும். மாற்றுப் பேட்டரி கிரைண்டர் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தப் பம்பை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளின் மூதாதைக்கு 'ஊற்று' என்று பெயர். எப்போதோ சில கல்லூரி மாணவர்கள் தோட்டத்து மோட்டார்களுக்காக எழுதியது. குழாயில் காற்றுப் புகுந்தால் மோட்டார் கொஞ்சம் நின்று, தண்ணீர் வந்து சேர்ந்த பின் ஓட வேண்டும் என்று அதில் ஒரு வரி வைத்தார்கள். நெஞ்சுக்குள் ஏது காற்று? ஆனாலும் அந்த வரி வம்சம் வம்சமாக வந்தது. பிடுங்கினால் வேறு எந்தச் சுவர் சரியும் என்று தெரியாததால் யாரும் கை வைக்கவில்லை. எந்தத் தோட்டத்திலோ எந்தக் கிணற்றுக்காகவோ யோசித்த ஒரு தயக்கம், முந்நூறு நெஞ்சுகளில் தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை நிர்வாக இயக்குநர் கிரிதரன் எல்லோரையும் கூப்பிட்டு, கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிறார்கள், சனிக்கிழமை கையெழுத்து என்றார். கைதட்டல் அடங்கியதும், "அடுத்த வாரத்துலருந்து முதல் மாடலுக்கு ஆயுள் முடிவு அறிவிக்கிறோமுங்க" என்றார்.

"யாரோட ஆயுள் சார்?" என்று ஒரு குரல் கேட்டது. தில்ஷாத். முதல் மாடலின் பராமரிப்பு முழுக்க அவள் பொறுப்பு. பொறுப்பு என்றால் அவள் ஒருத்திதான்.

"பொருளோட ஆயுளுங்கம்மா" என்றார் கிரிதரன். பிறகு சென்னியப்பனைப் பார்த்தார். "உங்க சர்டிபிகேட் ஒண்ணுதான் பாக்கி. நம்ம சரக்குல ஓடையோட வரி ஒண்ணுகூட இல்லைன்னு."

ஊற்றுக்கு இரண்டு வாரிசுகள். ஒன்று 'ஓடை', இன்னொன்று பட்டத்தரசிக்கே சொந்தமான 'மதகு'. அண்ணன் தம்பி ஜாடை இருக்கத்தான் செய்யும். ஜாடையை வைத்து இது திருட்டா, பாட்டன் சொத்தா என்று எப்படிச் சொல்வது? வாத்தியார் காப்பியடித்தவனைப் பிடிக்கிற வழிதான். சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டு பேப்பரில் ஒரே தப்பு இருந்தால்தான் ஒருவன் எட்டிப் பார்த்திருக்கிறான். சென்னியப்பன் நேராக விக்கலுக்குப் போனார். ஓடைக்காரர்கள் அந்தத் தயக்கத்தை எப்போதோ பாதியாகக் குறைத்துவிட்டிருந்தார்கள். பட்டத்தரசியில் இருந்ததோ பாட்டன் வைத்த முழு நீள விக்கல். பாட்டனிடமிருந்து நேராக வந்தது, பங்காளி வீட்டில் எடுத்ததல்ல. மற்ற வரிகளும் அப்படியே. கம்பெனி சுத்தம்.

நிரபராதி என்று தானே கண்டுபிடித்த ஒன்றின் மேல் அவருக்கு வெறுப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லை. பாவாத்தாள் காய்ச்சிய பாலை ஆறவைத்துக்கொண்டிருந்தாள். தில்ஷாத் சாப்பிடாமல் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் ஏற்கெனவே ரோட்டைத் தாண்டி வந்திருந்தது.

"அப்ப திங்கக்கெழமை என்ற பம்பு நின்னு போயிருமா?"

"நிக்காதுக்கா" என்றாள் தில்ஷாத். "ஓடும். ஆனா அப்பப்ப மக்கர் பண்ணும்ல, நான் சரிபண்ணி அனுப்புவேன்ல? இனிமே அனுப்ப விட மாட்டாங்க. அடுத்த மக்கர்தான் கடைசி மக்கர்."

"ஒலகத்துல வேற மெக்கானிக்கே இல்லியா?"

"இருக்காங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சாத்தானே அவங்க கை வைக்க முடியும்? அது பூட்டியிருக்கு. ஒடைச்சா ஜெயில்."

"நெஞ்சு என்னுது. பூட்டு அவியளுதா?"

தில்ஷாத் தோசையை இன்னும் சின்னதாகப் பிய்த்தாள். சென்னியப்பனுக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது, உடம்பு அரிக்க ஆரம்பித்துவிடும். "அது குடும்பப் பஞ்சாயத்து, அம்மிணி" என்று ஆரம்பித்தார். "ஊத்துன்னு ஒரு பாட்டன். 'எடுத்துக்கங்கடா, எம்பேரை மட்டும் அழிச்சுப்போடாதீங்க'ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு. மூத்தவன் ஓடை. அவன் என்ன சொல்றான்? 'என்ற சரக்கை யாரு வேணாலும் எடுங்க. ஆனா அதை எதுல கலந்து ஊருக்குக் குடுத்தாலும், அந்த மொத்தத்தையும் என்னை மாதிரியே தொறந்து வுட்றணும்.' எளையவன் மதகு. 'துட்டைக் குடு, உள்ளாற எட்டிப் பாக்காத.' உன்ற பம்பு எளையவன் வீட்டுது."

"எவ்வளவு கலந்தா தொறக்கணும்?"

அவர் அவள் கையைப் பார்த்தார். பாலில் விடுவதற்காக ஒரு கரண்டி மோர் எடுத்திருந்தாள்.

"அவ்வளவு போதும். ஒரு கரண்டி உறை. குண்டாப் பாலும் தயிராயிரும். அப்பறம் சுப்ரீம் கோர்ட்டே வந்தாலும் பாலாக்க முடியாது."

வேடிக்கையாகத்தான் சொன்னார். தில்ஷாத் குண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை பேருக்குக் குடுத்தா சார் அந்த உரிமை வரும்?"

"ஒருத்தருக்குக் குடுத்தாலே போதும்மா. வாங்கினவங்க உள்ள என்ன இருக்குன்னு கேக்கலாம். கேட்டு வாங்கினதை யாருக்கு வேணாலும் குடுக்கலாம். ஏன்?"

"சும்மா கேட்டேன் சார்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது" என்றாள் பாவாத்தாள். மோர் பாலுக்குள் இறங்கியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மேசைக்கு ஒரு திருத்தம் வந்தது. கம்பெனியிலிருந்து எந்தத் திருத்தம் வெளியே போனாலும் அவர் பொருத்தம் பார்த்து அனுப்ப வேண்டும் என்பது விதி. 'முதல் மாடல். விக்கல் குறைப்பு. பாவாத்தாள் அவர்களின் புகாரின் பேரில், அவருக்கு மட்டும்.' கீழே ஒரு சின்னத் துண்டு நிரல். அதற்கு மேல் ஓடைக்காரர்கள் அத்தனை பேர் பெயரும், ஓடையின் நிபந்தனைகளும், கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் போட்ட மாதிரி, பளிச்சென்று.

அவர் எழுந்து அவள் இடத்துக்குப் போனார்.

"ஓடையிலருந்து எடுத்திருக்க."

"ஆமா சார்."

"மறைக்கக்கூட இல்லையேம்மா."

"மறைச்சா திருட்டு சார்."

"இது ஒரு மனுசி நெஞ்சு. உரிமத்துக்காக அதுல வெளையாடறதா?"

தில்ஷாத்தின் முகம் சிவந்தது. "விக்கலைக் கொறைக்கணும்னு எத்தனை தடவை எழுதிக் குடுத்தேன்? அடுத்த மாடல்ல பாக்கலாம்னாங்க. ஓடையில இது வருசக்கணக்கா மனுசங்க நெஞ்சுல ஓடுது சார். நம்ம டெஸ்ட் பெஞ்ச்லயும் ஓட்டிப் பாத்துட்டேன், டாக்டரும் சரின்னுட்டாரு. அக்காகிட்ட கேட்டேன். 'விக்கல் கொறையுமா?'ன்னாங்க. கொறையும்னேன். 'அதுக்கு மட்டுந்தானா?'ன்னாங்க. இல்லக்கா, இன்னொண்ணும் இருக்குன்னு எல்லாத்தையும் சொன்னேன். 'போடு'ன்னாங்க."

"உன்ற வேலை போயிரும். கேஸ் போடுவானுக."

"உங்க மேலயும் போடுவாங்க சார்."

"நமக்கென்னம்மா, பொண்டாட்டியா, புள்ளையா" என்றார். அவருக்கே அதில் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தப்பான பொருத்தம் அவர் கையால் போனதில்லை. அவரிடம் இருந்த சொத்தே அதுதான். பெண் வீட்டார் யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். இது தப்பான பொருத்தமா? நெடுநேரம் யோசித்தார். ஓடை கலக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கலந்தால் என்ன செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது. கூடாது என்று சொன்னது கம்பெனி. அதுவும் வாயால்.

'சேரலாம்' என்று எழுதினார். 'நிபந்தனை: ஓடை உரிமப்படி மொத்தமும் திறக்கப்பட வேண்டும்.' ஒரு எழுத்துப் பொய் இல்லை. தன் நிபந்தனைகளை இத்தனை வருஷமாக யாரும் படித்ததே இல்லை என்பதை முதல்முறையாக நன்றியோடு நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

சனிக்கிழமை வாங்குகிறவர்கள் சார்பில் சென்னையிலிருந்து வக்கீல் வைதேகி வந்திருந்தார். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"சார், ஒரே கேள்வி. முதல் மாடல்ல ஓடையோட வரி ஏதாவது இருக்கா?"

"இருக்குங்க மேடம்."

"எப்போலேர்ந்து?"

"இன்னைக்குக் காலையில தோசை ஊத்த ஆரம்பிச்ச நேரத்துலருந்துங்க."

கிரிதரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னங்க இது! எங்களைக் குழிதோண்டிப் பொதைச்சுப்போட்டீங்களேங்க!" எங்கள் ஊரில் குடியே முழுகினாலும் 'ங்க' முழுகாது.

வைதேகி கையை உயர்த்தி அவரை உட்காரவைத்தார். "அனுப்பறதுக்கு அந்தப் பொண்ணுக்கு அதிகாரம் இருந்ததா?"

"அடுத்த வாரம் வரைக்கும் இருக்குங்க. அனுமதிக்க எனக்கும் இருந்துச்சு. எழுதியே வெச்சிருக்கேன், படிச்சுப் பாருங்க."

வைதேகி படித்தார். அதைப் படித்த முதல் ஆள் அவர்தான். "ஒருத்தருக்குத்தான் போயிருக்கு. அப்போ கேக்கற உரிமை உள்ளவங்க ஒருத்தர்தான். அவங்க எங்க இருக்காங்க?"

சென்னியப்பன் ஜன்னல் வழியாகக் கை காட்டினார்.

ரோட்டைக் கடந்து வைதேகியும் சென்னியப்பனும் போனார்கள். வைதேகி பெஞ்சில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, உங்களுக்கு நாலாவது மாடல் பம்பு. ஆபரேஷன், ஆஸ்பத்திரி, ஆயுசுக்கும் பராமரிப்பு எல்லாம் நாங்க பாத்துக்கறோம். பதிலுக்கு, உள்ள என்ன இருக்குன்னு நீங்க கேக்காம இருக்கணும். அவ்ளோதான்."

பாவாத்தாளின் கை இடுப்பு வாருக்குப் போனதைச் சென்னியப்பன் பார்த்தார்.

"நாலாவது மாடலுன்னா, ஒயரு வெளிய வராதே, அதுங்களா?"

"அதேதான்."

"தலைக்குத் தண்ணி ஊத்திக் குளிக்கலாமுங்களா?"

"தாராளமா."

அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்து எத்தனையோ வருஷமாகிறது. ஒயர் வெளியே வருகிற இடத்தில் ஈரம் படக் கூடாது. துணியை நனைத்துத் துடைத்துக்கொள்வதோடு சரி. கல்லைப் பார்த்தபடி நின்றாள். அப்போது விக்கல் வந்தது. கரண்டி நிற்கவில்லை. லேசாகத் தயங்கிவிட்டுப் போய்விட்டது.

"நேத்து வந்திருக்கக் கூடாதுங்களா?" என்றாள். "ஏனுங், காலைல வந்திருந்தாக்கூட..."

"இப்போ என்ன ஆச்சு?"

"காலைலயே நான் கேட்டுட்டனுங். தில்ஷாத்து எல்லாத்தையும் ஒரு பென் டிரைவுல போட்டுக் குடுத்துருச்சு. பல்லடம் பஸ் கண்டக்டர் கிட்டுசாமி பார்சல் வாங்க வருவாரு, அவருக்கும் இந்தப் பம்புதான். சட்னிப் பொட்டலத்தோட சேத்துக் குடுத்தனுப்பிட்டேன். எல்லாத்துக்கும் அனுப்பிடறேன்னாரு. இந்நேரம் முந்நூறு பேத்துக்கும் போயிருக்குமுங்."

வைதேகி கையிலிருந்த ஃபைலை மூடினார். பிறகு, வக்கீல் கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்டார்: "இது கிடைக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா குடுத்திருக்க மாட்டீங்களா?"

பாவாத்தாள் கல்லில் தண்ணீர் தெளித்தாள். அது சுர்ரென்று அடங்கும்வரை காத்திருந்தாள்.

"யோசிச்சிருப்பனுங்" என்றாள். "பொய் சொல்லக் கூடாது. நெம்ப யோசிச்சிருப்பேன்."

வைதேகி ஒரு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வழக்கு நடந்தது. உறை விழுந்தது விழுந்ததுதான் என்று தீர்ப்பும் வந்தது, வேறு வார்த்தைகளில். அதற்குள் மதுரையில் ஒருவர், கொச்சியில் ஒருவர், பெயரே சொல்ல வராத ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒருவர் என்று ஆளாளுக்கு அந்த நிரலைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய ஆரம்பித்திருந்தார்கள். மென்பொருள் மக்கர் பண்ணி முந்நூறு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. தில்ஷாத்துக்கு மருத்துவக் கருவி எதையும் தொடக் கூடாது என்று பல வருஷத் தடை. கரும்புக்கடைப் பகுதியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். சென்னியப்பனை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். தான் செய்துவைத்த ஒரே கலப்புக் கல்யாணத்தில் தனக்குச் சாப்பாடு போடவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நிரலில் பிழை இருந்தால் எழுதித் திருத்தலாம். தேய்ந்துபோன பேரிங்கை எந்த வரி எழுதியும் திருத்த முடியாது. பாவாத்தாளின் பம்பு இரண்டாவது வருஷம் மாசி மாதத்தில் தேய்ந்து நின்றது. காலை வியாபாரம் முடிந்து, மகளிடம் கல்லாச் சாவியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நாலாவது மாடலாக இருந்திருந்தால் ஓடிக்கொண்டிருந்திருக்கும். சென்னியப்பனுக்கு அது தெரியும். அதைப் பற்றி மட்டும் அவர் வேடிக்கை எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

ஓடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழுதைச் சரிசெய்தவர் பெயரோடு, பழுது இருக்கிறது என்று முதலில் சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். காரியம் முடிந்து சில நாள் கழித்து சென்னியப்பன் கம்ப்யூட்டரைத் திறந்தார். வாழ்க்கை முழுக்க அடுத்தவர் எழுதிய வரிகளையே படித்தவர், தன் கையால் ஒரே ஒரு வரி எழுதினார். 'விக்கல் இருக்கிறது என்று சொன்னவர்: பாவாத்தாள், தோசைக்கடை, தண்ணீர்ப்பந்தல் ரோடு.' பெயரை அழிக்கக் கூடாது என்பது பாட்டன் போட்ட நிபந்தனை. அதைப் பிள்ளைகள் இருவரும் இன்றுவரை மீறியதில்லை. பட்டத்தரசியை வாங்க வந்தவர்களே பிறகு அந்தத் திறந்த நிரலை எடுத்துத்தான் புது மாடல் செய்தார்கள். அதுவும் ஒயர் வெளியே வராதது. அதற்குள்ளும் அவள் பெயர் இருக்கிறது.

கடையை இப்போது மகள் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் கிட்டுசாமி பார்சலுக்கு நின்றபடி, பல்லடத்தில் பாலம் கட்டுகிறேன் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். பாதியில் ஒரு சொல் தடுக்கியது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"யாரோ நெனைக்கறாங்கண்ணா" என்றார்.

சென்னியப்பன் தட்டிலிருந்து தலை தூக்கினார். பம்பு செட்டு என்று வாய்வரை வந்துவிட்டது.

"ஆமா தம்பி" என்றார். "நெனைக்கறாங்க."